கால்களை அளந்த கரப்பான்

என் அக்காவைக் கட்டியவர் பஸ் கம்பெனியில் நேர அட்டவணை போடுகிறவர். எந்தப் பஸ் எப்போது கிளம்ப வேண்டும், எங்கே எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எந்த டிரைவர் எதிலிருந்து இறங்கி எதில் ஏற வேண்டும் என்பதையெல்லாம் தீர்மானிக்கிற நாற்காலி அவருடையது. அவர் போட்ட நேரத்துக்கு எந்தப் பஸ்ஸும் வந்ததாகச் சரித்திரம் இல்லை. எங்கள் தெருவில் பஸ்ஸைத் தவறவிட்டவன் எவனும் பஸ்ஸைத் திட்ட மாட்டான். அக்கா வீட்டு ஜன்னலைப் பார்த்துத்தான் திட்டுவான். அவருக்கு டைம்டேபிள் என்று பெயர் வைத்ததும் அந்தத் தெருதான். அக்கா கோபம் வந்தால் மட்டும் அப்படிக் கூப்பிடுவாள். அதாவது தினமும்.

இத்தனை பஸ்களை ஆட்டிவைக்கிற மனிதருக்குப் பஸ்ஸில் ஏறினால் வாந்தி வரும். பஸ் என்றில்லை, கார், ரயில், படகு எதுவானாலும் சரி. லிஃப்டில் இரண்டு மாடி ஏறினாலே முகம் வெளிறிவிடும். கல்யாணத்துக்கே நடந்து வந்த மாப்பிள்ளை. அலுவலகத்துக்கு நடந்து போகிற தூரத்தில்தான் வீடு பார்த்தார், அந்த வீட்டின் குழாயில் தண்ணீர் வருமா என்று கூடக் கேட்கவில்லை. ஒரே மகளைக் கல்லூரி விடுதியில் சேர்க்க நானும் அக்காவும்தான் கூட்டிக்கொண்டு போனோம். அவர் நிறுத்தத்தில் நின்று, பஸ் தான் எழுதிய நேரத்துக்குக் கிளம்புகிறதா என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பவில்லை.

நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். எங்கள் காரில் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவர் மரத்தைப் பார்த்துப் போகும்போது நான் அதை மிதிப்பேன். வண்டியை உருட்டியே சோறு தின்கிறவன் வீட்டுக்கு, வண்டி என்றாலே வயிற்றைப் பிடித்துக்கொள்கிறவர் அத்தானாக வந்து வாய்த்தார்.

வண்டியில் ஏறாத இந்த மனிதருக்கு வண்டி ஓட்டும் ஆசை மட்டும் இருந்தது. அட்டவணை போடுவதற்கென்று கம்பெனி ஒரு கணித மென்பொருள் வாங்கியது. பெரிய பெரிய படிப்புப் படிக்கிறவர்கள் வைத்திருக்கிற சங்கதி. சமன்பாட்டைக் கொடுத்தால் தீர்த்து வைக்கும், எண்களைக் கொடுத்தால் வரைபடம் போட்டுக் காட்டும். அதே மென்பொருளை அவர் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் போட்டுக்கொண்டார். அதிலிருந்தே தொலைவில் இருக்கிற மோட்டாருக்கு வயர் இல்லாமல் கட்டளை அனுப்பலாம் என்று அவர் கண்டுபிடித்த அன்று அக்காவுக்குக் கெட்ட காலம் பிறந்தது.

முதல் ரோபோ ஒரு சோப்பு டப்பா. அடியில் மூன்று சக்கரம், மேலே பேட்டரி. டைம்டேபிள் படுக்கையறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, கூடத்தில் இருக்கிற டப்பாவுக்கு, வலது பக்கம் தொண்ணூறு திரும்பு என்று கட்டளை அடித்தார். அந்த மென்பொருள் கோணத்தை டிகிரியில் கணக்கிடாது என்பதும், அதன் கணக்கில் முழு வட்டத்துக்கே ஆறு சொச்சம்தான் என்பதும் அவருக்கு மறந்துவிட்டது. டப்பா பதினான்கு முறை தன்னைத்தானே சுற்றியது. அக்கா சாப்பாட்டு மேசை மேல் ஏறி நின்று கத்தினாள்.

"என்னங்க இது, கரப்பான் மாதிரி காலுக்குள்ள சுத்துது?"

உள்ளேயிருந்து பதில் வந்தது. "ஒண்ணுமில்ல, அலகு மாறிப்போச்சு."

அன்றிலிருந்து அவர் செய்த ரோபோ எல்லாவற்றுக்கும் கரப்பான் என்றுதான் பெயர். டப்பா மாறும், சக்கரம் மாறும், பெயர் மட்டும் மாறாது.

அவர் ஓட்டுகிற விதத்தைப் பார்த்தால் எனக்கு ரத்தம் கொதிக்கும். கண்ணால் பார்த்து ஓட்ட மாட்டார். கரப்பான் எங்கிருந்து எங்கே போக வேண்டும், வழியில் எந்த மேசைக்கால் எங்கே இருக்கிறது என்று முழுப் பாதையையும் மென்பொருளில் முதலில் கணக்குப் போடுவார். கட்டளை மொத்தத்தையும் ஒரே தடவையில் அனுப்புவார். அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்துவிடுவார். நடுவில் யாராவது நாற்காலியை நகர்த்தியிருந்தால் கரப்பான் போய் முட்டும். முட்டினால் நாற்காலி மேல்தான் தப்பு.

"அத்தான், பாத்து ஓட்டணும். வழியில ஒருத்தன் குறுக்க வந்தா என்ன பண்ணுவீங்க?"

"வரக்கூடாது மச்சான். அட்டவணையில அவன் இல்ல."

எங்கள் ஊர் பஸ்கள் ஏன் இப்படி ஓடுகின்றன என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனாள். விடியும் முன் கிளம்பினால் பொழுது சாயப் போய்ச் சேருகிற தூரம். வருஷம் ஒன்றாகியும் டைம்டேபிள் அந்த வீட்டுப் படியை மிதிக்கவில்லை. போனில் பேசுவார். பேச்சு என்பது "சாப்ட்டியா?" என்பதும், அவள் "சாப்ட்டேன்ப்பா" என்பதும், "சரி, அம்மாகிட்ட குடுக்குறேன்" என்பதும். இதைத் தாண்டி அப்பனும் மகளும் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

பிறகு அவள் உண்டானாள். வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே ஓய்வாக இருக்கச் சொன்னார் டாக்டர். மாப்பிள்ளை காலையில் வங்கிக்குப் போனால் இருட்டித்தான் வருவார். அக்கா பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்காருகிறவள், பிரசவ மாசத்துக்குத்தான் லீவு கிடைக்கும். பகலெல்லாம் பெண் தனியாக இருக்கிறாளே என்று அக்கா மூக்கைச் சிந்தினாள். டைம்டேபிள் கொஞ்ச நாள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு பற்றவைப்பு வாசனையைக் கிளப்பினார். அப்புறம் ஒரு பெட்டியைப் பார்சலில் அனுப்பினார்.

பெட்டிக்குள் புதுக் கரப்பான். இது இன்டர்நெட் வழியாக ஓடுகிற ஜாதி. இங்கே அவர் கட்டளை அடித்தால் அங்கே மகள் வீட்டுத் தரையில் நகரும். முன்னால் சின்னக் கேமரா, தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில். அவர் இணைந்திருந்தால் அதன் தலையில் பச்சை விளக்கு எரியும். பேச வாய் கிடையாது, கேட்கக் காது கிடையாது. அதைக் கேட்டதற்கு, "பேசுறதுக்குத்தான் போன் இருக்கே" என்றார். போனில் இவர் பேசுகிற அழகு தெரிந்ததுதானே.

முதல் வாரம் முழுக்க கரப்பான் அந்த வீட்டை முட்டி முட்டி அளந்தது. எந்தச் சுவர் எங்கே, எந்தக் கட்டில்கால் எங்கே என்று மென்பொருளில் வீட்டின் வரைபடமே உருவாகிவிட்டது. அந்த வாரத்தில்தான் மாப்பிள்ளை குளித்துவிட்டு இடுப்பில் துண்டோடு வெளியே வந்தார். எதிரே பச்சை விளக்கு. மனிதர் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சுவரோடு ஒட்டி நின்று, "வாங்க மாமா, சாப்ட்டாச்சா?" என்று கேட்டிருக்கிறார்.

"அதுக்குக் காது கேக்காதுங்க" என்று மகள் சொன்னாளாம்.

"காது கேக்கலன்னா என்ன, மாமா மாமாதானே."

அதற்கப்புறம் கரப்பான் கூடத்துக்கு வந்தால் மாப்பிள்ளை சோபாவில் கால்மேல் கால் போட மாட்டார். டிவியின் சத்தத்தைக் குறைப்பார். ஒருநாள் கரப்பான் சோபாவுக்கு அடியில் மாட்டிக்கொண்டபோது அதைக் காலால் தள்ளாமல், மண்டியிட்டு இரண்டு கையாலும் எடுத்து வெளியே விட்டாராம். அவ்வளவு மரியாதைக்காரர், மாமனார் கையால் ஓட்டட்டுமே என்று ஒரு ஜாய்ஸ்டிக் வாங்கி அனுப்பிவைத்தார். டைம்டேபிள் அதை உறை கூடப் பிரிக்காமல் அலமாரியில் போட்டார். "கையால ஓட்டுறதெல்லாம் ஒரு ஓட்டுறதா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். டிரைவிங் ஸ்கூல்காரனைப் பார்த்து!

மகளுக்குத்தான் இது பிடிக்கவில்லை. எனக்குப் போன் போட்டுப் பொரிந்து தள்ளினாள்.

"மாமா, அப்பாவ வரச் சொன்னா ஒரு டப்பாவ அனுப்பிருக்காரு. மத்தியானம் ஆனா மூலையில வந்து நின்னுக்கிட்டு என் காலையே பாக்குது. எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. நான் எட்டப் போயி சோபாலதான் உக்காந்துக்குறேன்."

"பேட்டரியப் புடுங்கிப் போடு" என்றேன்.

"பாவம், விடுங்க" என்று வைத்துவிட்டாள்.

இப்படியே மாதங்கள் போயின. டைம்டேபிள் தினமும் மதியச் சாப்பாடு முடிந்ததும் அலுவலகத்திலிருந்தே கரப்பானை ஓட்டிக்கொண்டு போய் மூலையில் நிறுத்திவிட்டு, மாலை வரை அட்டவணையும் போடுவார், அதையும் இணைப்பிலேயே வைத்திருப்பார். அந்த வருஷம் பஸ்கள் வழக்கத்தைவிட மோசமாக ஓடின.

ஒரு மத்தியானம் மடிக்கணினியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் டிரைவிங் ஸ்கூலுக்கே வந்து நின்றார். வெயிலில் நடந்து வந்ததில் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. நான் ஒரு அம்மாவுக்கு கிளட்ச் எது, பிரேக் எது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா இரண்டையும் சேர்த்து மிதிக்கிற ரகம். அந்த அம்மாவைத் தேநீர் குடிக்க அனுப்பிவிட்டு வந்தேன். டைம்டேபிள் திரையைத் திருப்பிக் காட்டினார். ஒரு கோடு, இடமிருந்து வலமாக மேலே மேலே ஏறிக்கொண்டு போனது.

"என்ன அத்தான் இது, பெட்ரோல் விலையா?"

"பாப்பாவோட கணுக்கால்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் சிரிக்கவில்லை. விரலால் கோட்டைத் தடவிக்கொண்டே விளக்கினார். கரப்பான் தினமும் அதே மூலையில்தான் நிற்கும், மகள் எதிரே சோபாவில்தான் உட்காருவாள். அது அனுப்புகிற படங்களிலிருந்து கணுக்கால் எவ்வளவு அகலம் என்று அளக்க மென்பொருளில் எழுதி வைத்திருக்கிறார். முதலில் செருப்பு குறுக்கே வந்து அளவைக் குழப்பியதாம். அதனால் செருப்பின் நிறத்தை மட்டும் கழித்துவிடச் சொல்லி ஒரு வரி எழுதினாராம்.

"படத்தப் பாத்தீங்களா அத்தான்? கால் வீங்கித் தெரியுதா?"

"படத்த எதுக்குப் பாக்கணும்? அளவுதான் இருக்கே. மூலையிலேருந்து சோபா எவ்வளவு தூரம்னு வரைபடத்துல இருக்கு. தூரம் மாறாது. சோபா எங்க போயிடப் போவுது? அப்ப மாறுறது காலு மட்டும்தான்." திரையை மூடினார். "கர்ப்பத்துல திடீர்னு கால் வீங்கினா ரத்தக்கொதிப்பா இருக்கும்னு படிச்சேன் மச்சான். தாய்க்கும் ஆபத்து, புள்ளைக்கும் ஆபத்துன்னு போட்டிருக்கான்."

நான் நம்பவில்லை. அதற்குக் காரணம் உண்டு. இவருடைய வரைபடங்களின் லட்சணம் குடும்பத்துக்கே தெரியும். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில் விரிசல் வளர்கிறது என்று ஒரு கோடு போட்டு, மாடிவீட்டுக்காரரை மூட்டை முடிச்சோடு இறக்கியவர். அவர் அளந்தது சிலந்தி நூல். என் தலையில் முடி கொட்டுகிற வேகத்தை வரைந்து, என் கல்யாணத்துக்கு முன் வழுக்கை என்று பெண் வீட்டார் காதில் விழுகிற மாதிரி சொன்னவர். அது மட்டும் பலித்தது.

அக்காவிடம் சொன்னபோது அவள் கரண்டியைக் கீழே வைக்கக் கூட இல்லை. "வயித்துப் புள்ளக்காரிக்குக் கால் வீங்காம மூக்கா வீங்கும்? போயி வேலையப் பாருங்க."

அன்று சாயங்காலம் எங்கள் எதிரிலேயே மகளுக்குப் போன் செய்தார். சாப்ட்டியா என்று கேட்காமல் அவர் பேச்சை ஆரம்பித்ததை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

"கால் எப்படிம்மா இருக்கு?"

"கால் கால் மாதிரிதான்ப்பா இருக்கு."

"வீங்கியிருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போ."

"அடுத்த வாரம் போகணும்ப்பா, அப்ப பாத்துக்கலாம்."

"அடுத்த வாரம் வரைக்கும் தாங்காது. கோடு அப்படி ஏறுது."

மறுமுனையில் அவள் குரல் மாறியது. போனுக்கு வெளியே வரை கேட்டது. "கோட்டப் பாக்குறீங்க, என்னைப் பாத்தீங்களா? கல்யாணமாகி வந்து ஒரு தடவ இந்த வீட்டு வாசல்ல நின்னிருக்கீங்களா? அவ்வளவு கவலை இருந்தா நேர்ல வந்து பாருங்கப்பா." வைத்துவிட்டாள்.

டைம்டேபிள் போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கடைசியில் அவர் என் பக்கம் திரும்பினார்.

"மச்சான், நாளைக்கு உன் கார் சும்மா இருக்குமா?"

இருக்காது. இருக்கும் என்றேன்.

மறுநாள் விடியற்காலையில் கிளம்பினோம். எலுமிச்சம்பழம், துண்டு, ஒரு கட்டு பிளாஸ்டிக் பைகள், மாத்திரை, மடிக்கணினி எல்லாம் ஏற்றியாயிற்று. பின்னால் உட்கார்ந்தால் தலை சுற்றும் என்று முன்னால் ஏறினார். அங்கேதான் நான் கோட்டை விட்டேன். அது வாத்தியார் இருக்கை. அதன் காலடியில் இரண்டாவது பிரேக் இருக்கிறதே.

முதல் வளைவு வந்தது. குமட்டல் வந்தது. டைம்டேபிள் காலை ஊன்றினார். கார் கிறீச்சிட்டு நின்றது, பின்னால் வந்த லாரிக்காரன் என் வம்சத்தையே விசாரித்தான்.

"அத்தான், காலை எடுங்க!"

"தெரியாம பட்டுடுச்சு."

அடுத்த வளைவிலும் தெரியாமல் பட்டது. அதற்கடுத்த வளைவில் தெரிந்தே பட்டது. எத்தனையோ பேரைப் பயத்தோடு பார்த்துப் பார்த்து நான் மிதித்த பிரேக்கை என்னைப் பார்த்து ஒருவர் மிதிக்கிறார். தலைக்கு மேல் டிரைவிங் ஸ்கூல் போர்டு வேறு. முந்திப் போனவர்களெல்லாம் என்னைத்தான் கற்றுக்குட்டி என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு போனார்கள். பைகள் நிறைந்தன. ஒவ்வொரு பெட்ரோல் பங்கிலும் இறங்கி முகம் கழுவினார். பாதி வழியில் அவர் முகத்தைப் பார்த்தால், கர்ப்பிணியை விட்டுவிட்டு இவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் போதும் போலிருந்தது.

"திரும்பிடலாமா அத்தான்? அவங்க டாக்டர் பாத்துக்குவாங்க. நீங்க போயி என்ன பண்ணப் போறீங்க?"

அவர் பையிலிருந்து முகத்தை எடுத்தார். கண் சிவந்து, மூக்கில் நீர் ஒழுகியது.

"எனக்கு பயமா இருக்கு மச்சான். ஒரு பஸ் வரலன்னா அடுத்த பஸ் இத்தனை மணிக்குன்னு எழுதி ஒட்டிடுவேன். இதுக்கு என்னத்த எழுதி ஒட்டுறது? நீ ஓட்டு."

அதன் பிறகு நான் அவரைக் கிண்டல் செய்யவில்லை. ஒரு மணி நேரமாவது செய்யவில்லை.

பொழுது சாயும்போது போய்ச் சேர்ந்தோம். மூன்றாவது மாடி. லிஃப்டைப் பார்த்ததும் தலையை ஆட்டிவிட்டுப் படியேறினார். கதவைத் திறந்தவள் மகள். நாங்கள் வருவதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அவள் வாயைத் திறந்தபடி நின்றாள். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நேராகக் காலைப் பார்த்தார். அப்புறம் வாசலிலேயே மண்டியிட்டு உட்கார்ந்து, கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்தார்.

"அப்பா! என்ன பண்றீங்க, எந்திரிங்க!"

சட்டைப் பையிலிருந்து இஞ்ச் டேப்பை உருவினார். சுற்றி அளந்தார். மற்றக் காலையும் அளந்தார். டேப்பைத் திருப்பிப் பார்த்தார், அது தப்போ என்று.

"வீக்கமே இல்லையே" என்றார். குரலில் நிம்மதி பாதி, ஏமாற்றம் பாதி. கோடு பொய்யாகிவிட்டதே.

அன்று சீக்கிரமே வந்துவிட்டிருந்த மாப்பிள்ளை உள்ளேயிருந்து ஓடி வந்தார். மாமனார் தரையில் உட்கார்ந்திருக்கிறார். தான் நிற்பதா, உட்காருவதா என்று அவருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. கடைசியில் அவரும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "வாங்க மாமா, சாப்ட்டாச்சா?" என்றார். இந்த முறை பதில் வந்தது. "எல்லாத்தையும் வழியிலயே குடுத்துட்டேன் மாப்பிள்ளை."

உள்ளே போனார். விளக்கு போடாத அறையில் ஒரு முக்காலியைச் சரியாகச் சுற்றிக்கொண்டு போனார். கட்டில்கால் எங்கே, கதவின் நிலைப்படி எங்கே உயர்ந்திருக்கிறது எல்லாம் அத்துப்படி. ஆனால் முழங்காலுக்கு மேல் அந்த வீடு அவருக்குப் புதுசு. "சுவர் பச்சையா?" என்று கேட்டார். அந்த வீட்டுக்கு ஜன்னல் இருப்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

கூடத்து மூலைக்கு வந்ததும் நின்றுவிட்டார். கரப்பான் விளக்கில்லாமல் கிடந்தது. அதன் எதிரே, கைக்கெட்டும் தூரத்தில், ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலி. மேலே ஒரு தலையணை. கீழே ஒரு ஜோடிச் செருப்பு.

"இது வரைபடத்துல இல்லையே" என்றார். "இங்க யாரு நாற்காலி போட்டது?"

மகள் என்னைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள்.

"நான்தான்ப்பா. மத்தியானம் போடுவேன், இவரு வர்றதுக்குள்ள எடுத்துடுவேன். இன்னிக்கு அது கண்ணே முழிக்கல. என்னமோ ஏதோன்னு இங்கயே உக்காந்துட்டேன்."

"நீ சோபாலதானே உக்காருவ?"

"மொதல்ல சோபாலதான் இருந்தேன். பேச ஆரம்பிச்சப்புறம் அவ்வளவு எட்ட இருந்து கத்திப் பேசுறது ஒரு மாதிரியா இருந்துச்சு. அப்புறம் தினமும் கொஞ்சம் கொஞ்சமா இழுத்துப் போட்டு…"

எனக்கு மண்டையில் அடித்தாற்போல இருந்தது. கண்ணாடியில் பின்னால் வருகிற லாரி பெரிசாகிக்கொண்டே வந்தால், லாரி வளரவில்லை, கிட்டே வருகிறது என்று அர்த்தம். என்னிடம் வருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாளே நான் சொல்கிற பாடம். அந்தக் கோட்டை என் மேசையிலேயே விரித்துக் காட்டியும் எனக்கு உறைக்கவில்லை. அந்தச் செருப்பையாவது அவர் கழிக்காமல் விட்டிருக்கலாம். கர்ப்பத்தில் கால் வீங்கும், செருப்பு வீங்காதே.

டைம்டேபிளுக்கும் விளங்கிவிட்டது. நாற்காலியைப் பார்த்தார், கரப்பானைப் பார்த்தார், தூரத்தில் இருந்த சோபாவைப் பார்த்தார்.

"தூரம் மாறாதுன்னு போட்டுட்டேன்மா."

அவளுக்கு அது புரிந்ததா தெரியவில்லை. ஆனால் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டது புரிந்தது. அவளும் துடைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை எதற்கென்றே தெரியாமல் அழுதார்.

"அதுக்குத்தான் காது கேக்காதே" என்றேன் நான், யாராவது ஏதாவது பேச வேண்டுமே என்று. "அப்புறம் அதுகிட்ட என்னத்தப் பேசுன?"

"கேக்காதுன்னு தெரிஞ்சுதான் மாமா பேசுனேன்." மூக்கை உறிஞ்சினாள். "பாதி நாள் திட்டுனேன்."

"மிச்சப் பாதி?"

"மிச்சப் பாதி சாப்ட்டீங்களான்னு கேட்டேன்."

மறுநாள் எதற்கும் இருக்கட்டும் என்று ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டைம்டேபிள் நடந்தே போனார். ரத்த அழுத்தம் சரியாக இருந்தது, குழந்தை நன்றாக இருந்தது. டாக்டரிடம் இவர் திரையைத் திறந்து கோட்டைக் காட்டியிருக்கிறார். அந்த டாக்டரம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எடை இப்படி ஏறக்கூடாது, சார். சாப்பாட்டைக் குறைங்க" என்று இவருக்கே புத்தி சொல்லியனுப்பினாராம்.

நான் மத்தியானம் கிளம்பினேன். அவர் வரவில்லை. திரும்பி வருவதற்கு வயிற்றில் ஒன்றும் இல்லை என்றார். உண்மையான காரணம் எல்லோருக்கும் தெரியும், அதனால் யாரும் கேட்கவில்லை. பிரசவம் வரை அங்கேயே இருப்பாராம் என்று அக்காவுக்குப் போனில் சொன்னேன். "பிரசவம் வரைக்குமா? அப்ப அந்த அட்டவணைய யாரு போடுறது?" என்றாள். யாரும் போடவில்லை. பழைய அட்டவணையையே ஒட்டிவைத்தார்கள். பஸ்கள் எப்போதும் போலத்தான் ஓடின. தெருவில் ஒருவனுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

புறப்படும் முன் சொல்லிக்கொள்ள உள்ளே எட்டிப் பார்த்தேன். அந்த நாற்காலியில் மகள் உட்கார்ந்திருந்தாள். எதிரே மூலையில் கரப்பானைத் தள்ளி வைத்துவிட்டு, அது நிற்கிற இடத்தில் டைம்டேபிள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அவள் திட்டிக்கொண்டிருந்தாள். இரண்டாம் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளின் அப்பாக்களும் கூட வந்த பள்ளிச் சுற்றுலாவிலிருந்து ஆரம்பித்திருந்தாள். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி, "ஆமாம்மா, தப்புதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் கூப்பிட்டேன், இரண்டு பேருக்கும் காதில் விழவில்லை. மாப்பிள்ளைதான் விரலை உதட்டில் வைத்து என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

செருப்பு மாட்டி, அவர் கொடுத்த தேநீரைக் குடித்து, போய்வருகிறேன் என்று கையசைக்கிறவரை காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அவள் இன்னும் கல்லூரி விடுதிக்கே வந்திருக்கவில்லை.